நான்கு மணி மழையும் நகரும் அலைகளும்

நிலநடுக்கோட்டுப் பகுதியில் மழை எப்போது பெய்யும்? தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த எவரிடம் வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு" என்ற விடை தயங்காமல் வரும். காலையில் வெயில் காயும். நண்பகலில் தரை கொதிக்கும். சூடேறிய ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்ந்து மேகமாகும். மாலையில் இடி மின்னலுடன் மழை கொட்டும். இரவில் வானம் தெளியும். மறுநாளும் இதே கதை. வெப்பச்சலன மழை என்று இதற்குப் பெயர். "நான்கு மணி மழை" என்ற செல்லப் பெயரும் உண்டு. நானும் இப்படித்தான் படித்தேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க வந்த பிறகும் சில ஆண்டுகள் இப்படியே சொல்லி வந்தேன்.

அந்தப் பாடப் பகுதியைத்தான் இங்கே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கதைக்கும் கவிதைக்கும்தானே விமரிசனம், புவியியல் பாடத்துக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாவலைச் சில ஆயிரம் பேர் படிக்கிறார்கள்; பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுகிறார்கள். பாடநூலின் ஒரு வாக்கியத்தையோ இலட்சக்கணக்கான பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வாழ்நாள் முழுதும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு என் வகுப்பறையில் நடந்ததையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இளநிலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் கோரியாலிஸ் விசை பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு நிலநடுக்கோட்டு மழைக்குத் திரும்பியது. கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்க அண்ணன் சிங்கப்பூர்ல கட்டட வேலை பார்க்கிறாரு. அங்க விடியக்காலம் நாலு மணிக்குத்தான் காத்தும் மழையும் பிச்சுக்கிட்டு அடிக்குதுன்னு போன்ல சொன்னாரு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நாலு மணி சரிதான், தூக்கக் கலக்கத்தில் உங்க அண்ணன் காலையையும் மாலையையும் மாத்திட்டார் போல" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

மனம் கேட்காமல் அன்றிரவு தேடிப் பார்த்தேன். அண்ணன் சொன்னதே சரி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை உள்ள மாதங்களில், சுமத்ரா தீவின் பக்கமாக அல்லது மலாக்கா நீரிணையின் மேல் இரவில் உருவாகும் இடிமழைத் தொடர் ஒன்று கிழக்கே நகர்ந்து, விடியுமுன்னும் காலை வேளையிலும் சிங்கப்பூரையும் மலேசியாவின் மேற்குக் கரையையும் தாக்குவது உண்டு. "சுமத்ராச் சூறை" என்று அங்குள்ளவர்கள் அதைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை அந்த மாணவன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

பாடத்தில் உள்ளதும் இல்லாததும்

முதலில் பாடநூலுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அதில் இருப்பது பொய் அல்ல. காங்கோ, அமேசான் படுகைகளின் பெரும் பகுதிகளிலும், போர்னியோ போன்ற பெரிய தீவுகளின் உட்பகுதிகளிலும் பிற்பகலிலும் முன்னிரவிலும் மழை மிகுதி. தரை சூடாவதும் காற்று மேலெழுவதும் மேகம் திரள்வதும் அங்கே கண்கூடு. சூரியனிலிருந்து மழைத்துளி வரை காரண காரியத்தை ஐந்தே வரியில் மாணவனுக்குக் காட்டிவிடுவது எளிய சாதனை அன்று.

குறை எங்கே? நிலநடுக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 40,000 கி.மீ. அதில் ஐந்தில் நான்கு பங்கு கடலின் மேல் செல்கிறது. கடல் நீர் தரையைப் போலப் பகலில் கொதித்து இரவில் குளிர்வதில்லை. அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஒரு நாளில் சிறிதளவே மாறும். அங்கே "நண்பகலில் தரை கொதிக்கும்" என்ற முதல் அடியே இடறுகிறது. திறந்த கடலில் மழை உச்சம் பெறுவது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997-ஆம் ஆண்டு நவம்பரில் ஏவிய வெப்பமண்டல மழையளப்புச் செயற்கைக்கோள் 2015 வரை இயங்கியது. அதிலிருந்த ராடார் இதை வெப்பமண்டலம் முழுவதற்கும் படமாக வரைந்து காட்டிவிட்டது. சுமத்ராவின் மேற்குக் கரை இன்னும் சுவையானது. மாலையில் மலைச்சரிவில் தொடங்கும் மழை, இரவு ஏற ஏறக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் நகர்கிறது. அங்குள்ள மீனவனுக்கு மழை நேரம் எது என்பது, கரையிலிருந்து எத்தனை தொலைவில் அவன் படகு நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்து, நிலநடுக்கோட்டில் இருந்தாலே மழை என்பதும் இல்லை. கென்யாவின் வடபகுதியும் சோமாலியாவும் வறண்ட பூமி. நிலநடுக்கோடு ஊடே செல்லும் காலபாகஸ் தீவுகளின் தாழ்ந்த நிலப்பகுதிகளில் கள்ளிதான் வளர்கிறது. சுற்றிலும் உள்ள குளிர்ந்த நீரோட்டம் மேகத்தை எழவிடுவதில்லை.

ஆனால் நேரத்தைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் உள்ள இந்தக் குறைகளை ஓர் அடிக்குறிப்பால் சரிசெய்துவிடலாம். நான் பெரிதாகக் கருதும் பிழை வேறு. "நாள்தோறும் இதே கதை" என்கிறதே, அதுதான். நிலநடுக்கோட்டில் சூரியன் இன்று எப்படியோ அப்படித்தான் நாளையும். பாடநூல் சொல்வதே முழு உண்மை என்றால் இந்த வாரம் பெய்த அளவு மழை அடுத்த வாரமும் பெய்யவேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. இந்தோனேசியாவிலும் நடுக் கடலிலும் பத்து நாள் மழை தொடர்ந்து கொட்டும். பிறகு இரண்டு வாரம் வானம் வெறிச்சோடும். சூரியன் மாறவில்லை, கடல் பெரிதாக மாறவில்லை, மழை மட்டும் ஏன் மாறுகிறது? மாற்றத்தைக் கொண்டுவருவது அந்த இடத்தில் இல்லாத ஏதோ ஒன்றாக இருக்கவேண்டும். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து பயணம் செய்து வருகிறது. அதுதான் வளிமண்டல அலை. பாடநூல் வரைந்த ஓவியத்தில் அலையே கிடையாது.

கரையில்லாக் கால்வாய்

அலை என்றவுடன் கயிற்றையும் குளத்தையும் நினைப்பது நமக்குப் பழக்கம். காற்றுக் கடலிலும் அலை உண்டு. அங்கே மீள்விசை இரண்டு வகை. ஒன்று, கனமான காற்றைக் கீழேயும் இலேசான காற்றை மேலேயும் இருத்த முயலும் எடை. இதனால் எழுவது ஈர்ப்பு அலை. (ஐன்ஸ்டைன் சொன்ன, 2015-இல் முதன்முறையாகக் கருவியில் பதிவான ஈர்ப்பு அலைகள் முற்றிலும் வேறு. ஆங்கிலத்தில் வேறுபட்ட இரு சொற்களைத் தமிழில் ஒன்றாக்கிவிட்டோம். இதை 'மிதப்பலை' என்றால் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.) மற்றொன்று, பூமி சுழல்வதால் வரும் கோரியாலிஸ் விளைவு இடத்துக்கு இடம் மாறுவது. இதனால் எழுவது ராஸ்பி அலை.

கோரியாலிஸ் விளைவின் அளவு அட்சரேகையின் சைன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். துருவத்தில் பெருமம், நிலநடுக்கோட்டில் பூச்சியம். வடக்கே போனால் காற்றை வலப்பக்கம் திருப்பும். தெற்கே போனால் இடப்பக்கம் திருப்பும். இந்த எளிய உண்மையிலிருந்து ஓர் அதிசயம் பிறக்கிறது. நிலநடுக்கோட்டின் மேல், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று வீசுவதாகக் கொள்ளுங்கள். அது சற்று வடக்கே விலகினால் வலப்பக்கம், அதாவது தெற்கே திருப்பப்படும். சற்றுத் தெற்கே விலகினால் இடப்பக்கம், அதாவது வடக்கே திருப்பப்படும். எந்தப் பக்கம் விலகினாலும் மீண்டும் கோட்டுக்கே விரட்டப்படுகிறது! கரையே இல்லாத ஒரு கால்வாய் பூமியைச் சுற்றிக் கட்டப்பட்டதுபோல் ஆகிறது.

1879-இல் கெல்வின் பிரபு, சுழலும் நீரில் ஒரு சுவரை ஒட்டிச் செல்லும் அலையைக் கணக்கிட்டிருந்தார். நிலநடுக்கோட்டில் அதே அலை சுவரின்றிச் செல்கிறது. உயர்அழுத்தம் உள்ள முகட்டில் காற்று கிழக்கு நோக்கியும், தாழ்வழுத்தம் உள்ள அகட்டில் மேற்கு நோக்கியும் வீசும். முகட்டில் வெளியே தள்ள முயலும் அழுத்தத்தைக் கோரியாலிஸ் விசை உள்ளே அழுத்தி ஈடுசெய்கிறது. அகட்டில் இரண்டும் திசை மாறி மீண்டும் ஈடாகின்றன. இந்த ஏற்பாடு அலை கிழக்கு நோக்கிச் சென்றால் மட்டுமே பொருந்தும். மேற்கு நோக்கிச் செல்லும் கெல்வின் அலை ஒன்றை வரைந்து பாருங்கள். இரண்டு விசைகளும் ஒரே பக்கம் சேர்ந்து அலையைச் சிதறடித்துவிடும்.

கால்வாயின் அகலத்தை நீங்களே கணக்கிடலாம். அலையின் வேகம் வினாடிக்கு 25 மீட்டர் என்க. கோரியாலிஸ் அளவு வடக்கே போகப்போக மாறும் வீதம், நிலநடுக்கோட்டருகே மீட்டருக்கு, வினாடிக்கு 2.3 × 10⁻¹¹. முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். ஏறத்தாழ 10 இலட்சம் மீட்டர் வரும்; அதாவது 1,000 கி.மீ., அட்சரேகைக் கணக்கில் சுமார் 9 டிகிரி. கொழும்பு 7 டிகிரியிலும் கன்னியாகுமரி 8 டிகிரியிலும் இருக்கின்றன என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்சுனோவின் பத்தொன்பது பக்கங்கள்

இவற்றையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானிய அறிஞர் தாரோ மாட்சுனோ. ஜப்பான் வானிலைக் கழகத்தின் ஆய்விதழில் 1966-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை பத்தொன்பதே பக்கம். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. (அந்த வயதில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.) அவர் செய்தது என்ன? வளிமண்டலத்தின் மலைகளையும் மேகங்களையும் ஈரத்தையும் நீக்கிவிட்டார். எஞ்சியது மெல்லிய ஓர் அடுக்குத் திரவம்; அதன் மேல் நிலநடுக்கோட்டிலிருந்து சீராக வளரும் கோரியாலிஸ் விளைவு. இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தபோது வந்த விடைகள், குவாண்டம் இயக்கவியலில் நாம் படிக்கும் சீரிசை அலையியற்றியின் விடைகளைப் போலவே அமைந்தன. எம்.எஸ்ஸி. மாணவர்கள் இதைப் படித்தால் பழைய நண்பனைப் புதிய ஊரில் சந்தித்த மகிழ்ச்சி அடைவார்கள்.

அந்த விடைகளுள் கிழக்கே விரையும் கெல்வின் அலை உண்டு. கோட்டின் இருபுறமும் சுழல்களைச் சுமந்துகொண்டு, அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் மேற்கே நகரும் ராஸ்பி அலை உண்டு. வேகமான மிதப்பலைகள் உண்டு. ஒருபுறம் ராஸ்பி, மறுபுறம் மிதப்பலை என இரட்டை வேடம் போடும் கலப்பு அலையும் உண்டு. நடு அட்சரேகைகளில் மெதுவான அலையையும் வேகமான அலையையும் தெளிவாகப் பிரித்துவிடலாம். வானிலைக் கணிப்பே அந்தப் பிரிவினையை நம்பித்தான் வளர்ந்தது. நிலநடுக்கோட்டில் அந்த எல்லை ஓரிடத்தில் அழிந்துவிடுகிறது என்று மாட்சுனோ காட்டினார்.

தாளில் எழுதிய அலை வானத்தில் இருக்கவேண்டுமே! அதே 1966-இல், அதே ஆய்விதழில், மிச்சியோ யானாயும் மருயாமாவும் அதைக் கண்டறிந்து எழுதினர். மேற்குப் பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா 1950-களில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. நஞ்சுத் தூசி எந்தப் பக்கம் போகும் என்று அறிய அப்பகுதியில் வானிலைப் பலூன்கள் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பறக்கவிடப்பட்டன. மனிதன் செய்த பெருங்கேட்டின் ஓரத்தில் அறிவியலுக்கு ஒரு பிடி தானியம் கிடைத்தது. மேகங்களுக்கும் மேலே, ஸ்ட்ராடோஸ்பியர் அடுக்கில், நான்கைந்து நாள் காலமும் சுமார் 10,000 கி.மீ. அலைநீளமும் கொண்டு மேற்கே செல்லும் கலப்பு அலை அங்கே தெரிந்தது. 1968-இல் வாலஸ், கவுஸ்கி என்ற இருவர் அதே உயரத்தில் கெல்வின் அலையைக் கண்டனர். அதில் கிழக்கு-மேற்குக் காற்று சுமார் 15 நாளுக்கு ஒருமுறை ஆடியது. வடக்கு-தெற்குக் காற்றில் அந்த ஆட்டமே இல்லை. மாட்சுனோவின் சமன்பாடு சொன்னதும் அதுவே.

இத்தனை புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லவேண்டும். மாட்சுனோவின் வளிமண்டலத்தில் ஒரு துளி மழை பெய்வதில்லை! பாடநூலில் மழை உண்டு, அலை இல்லை. மாட்சுனோவிடம் அலை உண்டு, மழை இல்லை. இதை அவர் மறைக்கவில்லை. ஒரு மேதை எதை விட்டுவிடுவது என்று அறிந்தே விட்டார். குறை அவரைப் பின்பற்றி எழுதுவோரிடம் இருக்கிறது. சமன்பாட்டை எழுதி, நான்கு வளைகோடு வரைந்து, "இவையே வெப்பமண்டல வானிலை" என்று முடித்துவிடுகிறார்கள். பாடநூலில் உள்ள "நாள்தோறும்" என்பதைப் போலவே இந்த "இவையே" என்பதும் பொல்லாத சொல்தான்.

பாரம் சுமக்கும் அலை

மழையைச் சேர்த்தால் என்ன ஆகும்? மீண்டும் ஒரு கணக்கு. ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 25 இலட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படும். 10 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ நீர். வெளிவருவது 250 இலட்சம் ஜூல். அந்தச் சதுர மீட்டருக்கு மேலே உள்ள காற்றின் நிறை ஏறத்தாழ 10,000 கிலோ. அதை 1 டிகிரி சூடாக்க 100 இலட்சம் ஜூல் வேண்டும். ஆக, ஒரு சென்டிமீட்டர் மழை தனக்கு மேலுள்ள காற்று முழுவதையும் இரண்டரை டிகிரி சூடாக்க வல்லது! இடி விழும்போது நாம் மின்னலைத்தான் பார்க்கிறோம். உண்மையான ஆற்றல் சத்தமில்லாமல் இங்கே வெளிப்படுகிறது.

மேலெழும் காற்று விரிவதால் குளிரும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்க முயலும். இதுதான் மிதப்பலையின் மீள்விசை. மழை வெளியிடும் வெப்பமோ அந்தக் குளிர்ச்சியைப் பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது. மீள்விசை தளர்கிறது; தளர்ந்த வில்லில் ஆடும் எடையைப்போல அலை மெதுவாகிறது. அடிவளி மண்டலம் முழுவதையும் ஆட்டுகிற வறண்ட கெல்வின் அலை வினாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடவேண்டும். மழையைச் சுமக்கும் அலை சுமார் 15 மீட்டர் வேகத்தில்தான் நடக்கிறது.

இதை ஐயமின்றிக் காட்டியவை செயற்கைக்கோள்கள். உயர்ந்த மேகத்தின் உச்சி குளிர்ந்திருப்பதால் அங்கிருந்து விண்வெளிக்குச் செல்லும் அகச்சிவப்புக் கதிர்வீச்சு குறைவு. இந்த அளவீட்டை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்து, எந்த அலைநீளத்தில் எந்த அதிர்வெண் வலுத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். யுகாரி தகாயபு 1994-இலும், மாத்யூ வீலர், ஜார்ஜ் கிலாடிஸ் இருவரும் 1999-இலும் இதைச் செய்தனர். குழம்பிய மேகக் கூட்டத்தின் நிறமாலையில் மாட்சுனோவின் வளைகோடுகள் மேடுகளாக எழுந்து நின்றன! ஒரே வேறுபாடு: 12 முதல் 50 மீட்டர் ஆழமுள்ள நீரடுக்கில் ஓடும் அலைகளைப் போல அவை மெதுவானவை. ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் வரும்: வினாடிக்கு 11 முதல் 22 மீட்டர் வரை. என் பார்வையில், மாட்சுனோவின் கட்டுரை முழுமை பெற்றது 1966-இல் அன்று, இந்தப் படத்தில்தான்.

ஆயினும் அந்தப் படத்தில் ஒரு பெரிய மேடு எந்த வளைகோட்டின் மேலும் அமரவில்லை. அதன் கதை தனி.

நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கேண்டன் என்ற பவளத்தீவு இருக்கிறது. இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. நிலநடுக்கோட்டின் வறண்ட பகுதிகளில் ஒன்றான அங்கே எடுத்த பலூன் அளவீடுகள், 1957 முதல் 1967 வரை ஏறத்தாழப் பத்தாண்டுக்குச் சேர்ந்திருந்தன. அமெரிக்காவின் போல்டர் நகரில் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இருவர் அவற்றைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தனர். காற்றிலும் அழுத்தத்திலும் 41 முதல் 53 நாள் வரை காலமுள்ள ஓர் ஆட்டம் வெளிப்பட்டது. 1971-இல் கண்டுபிடிப்பையும் 1972-இல் அதன் முழு வடிவத்தையும் வெளியிட்டனர். இந்தியப் பெருங்கடலில் மாபெரும் மழைத்திரள் ஒன்று எழுகிறது; வினாடிக்கு வெறும் 5 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ சைக்கிள் வேகத்தில், கிழக்கே ஊர்கிறது; இந்தோனேசியாவைக் கடந்து ஒரு மாத அளவில் நடுப் பசிபிக்கை அடைந்து கரைகிறது; பிறகு மீண்டும் தொடங்குகிறது. பத்து நாள் மழையும் இரண்டு வார வறட்சியும் என்று முன்பு சொன்னேனே, அதற்கு முதற் காரணம் இதுதான். இதற்கு மேடன்-ஜூலியன் அலைவு என்று பெயர்.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ இதே 40-50 நாள் ஆட்டத்தை, தென்கிழக்கு ஆசியக் காற்றுகளில், ஷியே யிபிங்கும் துணைவர்களும் 1963-லேயே கண்டு சீன மொழி ஆய்விதழ் ஒன்றில் எழுதியிருந்தனர். அது உலகின் கவனத்துக்கு வந்தது 2018-இல்தான். தாய்மொழியில் அறிவியல் எழுதும் நாம் இதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அலைவு ஏன் இத்தனை மெதுவாக நகர்கிறது, எது இதை ஓட்டுகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காற்றின் ஈரம் எங்கே சேர்கிறது, எங்கே வற்றுகிறது என்பதே இதை நகர்த்துகிறது என்போர் ஒரு சாரார். வேறு விளக்கங்களும் உள்ளன. 2011 அக்டோபர் முதல் 2012 மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் மாலத்தீவின் கன் தீவில் ராடார்களை நிறுத்தியும், கொழும்பு உள்ளிட்ட இடங்களிலிருந்து பலூன்களை விட்டும் இது பிறக்கும் இடத்திலேயே காத்திருந்து பார்த்தனர்.

நமக்கு என்ன?

கோடைப் பருவமழைக் காலத்தில் நிலநடுக்கோட்டருகே எழும் மேகப்பட்டை, சில வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே ஏறி இந்தியாவின் மேல் வருவதை சிக்காவும் சுலோசனா காட்கிலும் 1980-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினர். வடகிழக்குப் பருவமழையிலும் இதன் கை உண்டு. மேடன்-ஜூலியன் மழைத்திரள் இந்தியப் பெருங்கடலில் நிற்கும் நாட்களில் தமிழகத்திலும் இலங்கையிலும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. அது பசிபிக்குக்குச் சென்றுவிட்டால் குறைகிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் முன்னதாக மழையின் போக்கைச் சொல்லமுடிகிறது என்றால், அதற்கு ஆதாரம் இத்தகைய மெதுவான அலைவுகளே. இந்திய வானிலை ஆய்வுத் துறை வாரந்தோறும் வெளியிடும் நீட்டித்த கால முன்னறிவிப்பில் இது இடம்பெறுகிறது. நாற்று விடுவதா, நாலு நாள் பொறுப்பதா என்று யோசிக்கும் டெல்டா விவசாயிக்கு இது வேண்டாத செய்தி அல்ல. மழை அன்றன்று அந்தந்த இடத்தில் விளைவது என்று படித்து வளர்ந்தவர், மூன்று வார முன்னறிவிப்பைக் கேட்டால் சோதிடம் என்றுதானே நினைப்பார்?

இதன் மறுபக்கமும் வந்துவிட்டது. இப்போது ஐப்பசி, கார்த்திகை வந்தால் "எம்.ஜே.ஓ." என்ற மூன்றெழுத்து தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒலிக்கிறது. தூறல் விழுந்தாலும் அதுவே காரணம், விழாவிட்டாலும் அதுவே காரணம். வலுவற்ற காலங்களில் அந்த அலைவு நிறமாலையில் கூடத் தேடிப்பிடிக்க வேண்டியதாக இருக்கும். அது வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். குறிப்பிட்ட தெருவில் குறிப்பிட்ட மாலையில் மழையைக் கொண்டுவந்து நிறுத்தாது. அங்கே பழைய வெப்பச்சலனத்துக்கும் கடற்காற்றுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். மாட்சுனோவின் சமன்பாட்டை எட்டாம் வகுப்பில் போடச் சொல்லவில்லை. "நாள்தோறும்" என்ற ஒரு சொல்லை நீக்குங்கள். "நிலத்தின் மேல் பெரும்பாலும் பிற்பகலிலும், கடலின் மேல் பெரும்பாலும் பின்னிரவிலும் மழை பெய்கிறது, கிழக்காகவும் மேற்காகவும் நகரும் பெரிய அலைகள் சில வாரங்களுக்கு அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன" என்று இரண்டு வரி சேருங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரிக்குள் புயல் உருவாகவே ஆகாது என்ற வரியையும் கையோடு திருத்தலாம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்கு அருகே, நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தொலைவில் உருவானது. அரிது என்று எழுதுங்கள், அதுவே உண்மை.

என் வகுப்பில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, கொழும்பு, மாலத்தீவு என்று உறவினர் இருக்கும் இடங்களிலிருந்து மழை தொடங்கிய நாளையும் மணியையும் கேட்டு மாணவர்கள் அதில் எழுதுகிறார்கள். ஆய்வுக் கருவிகளின் துல்லியம் அதற்கு இல்லை. ஆனால் சிங்கப்பூருக்கு உரிய பக்கத்தில் மாலை நான்கு மணியும் இருக்கிறது, விடியற்காலை நான்கு மணியும் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் முதல் வரியை எழுதித் தந்தவன் அந்தப் பழைய மாணவன்தான். படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, அண்ணனிடம் கேட்டு வந்த தேதியையும் நேரத்தையும் அவனே எழுதிவிட்டுப் போனான்.